அம்மையை முத்து என்று அடித்தவர்

அந்தக் குறிப்பை நான் கையால்தான் எழுதினேன். டைப் அடிக்கக் கொடுத்திருக்கலாம். ஆனால் எங்கள் துறையில் டைப் அடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். குறிப்பு அவரைப் பற்றியது. மொத்தம் மூன்று வரி. "என் அனுமதி இல்லாமல் புரோகிராமில் பெயரை மாற்றினார். அதனால் ஆராய்ச்சி முடிவு தவறாக வந்தது. காரணம் கேட்டதற்கு ஆடி மாதம் என்றார்." கீழே என் கையெழுத்து, முனைவர் பட்டத்தோடு. மூன்று வரிகளில் முதல் வரியும் மூன்றாம் வரியும் உண்மை. அந்தப் பெண்ணின் வேலை போனது நடு வரியால்.

எண்பதுகளின் பின்பாதி அது. சேலத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் துறைக்கு நான் தலைவர். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். வீட்டில் நிலம், கிணறு, கொஞ்சம் அகங்காரம் எல்லாம் இருந்தன. சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த பிறகு கடைசிச் சரக்கு மட்டும் நல்ல விளைச்சல் கண்டது.

கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. துணி பீரோ அளவுக்கு ஒரு பெட்டி, இரண்டு திரை, தறி ஓடுவது போலச் சத்தம் போடும் ஒரு பிரிண்டர். கல்லூரியிலேயே அந்த அறைக்கு மட்டும்தான் ஏசி. முதல்வர் அறையில்கூட மின்விசிறிதான். கோடையில் முதல்வர், "கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?" என்று நலம் விசாரிக்க வருவார். விசாரித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து வியர்வை ஆற்றிக்கொண்டு போவார். தூசி ஆகாது என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கோயில் வாசலில் கழற்றாத செருப்பை நான் அங்கே தினமும் இரண்டு வேளை கழற்றினேன்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர்தான் நான் சொல்லும் பெண். அம்மாபேட்டை, நெசவுக் குடும்பம். கணவருக்குத் தறி வேலை ஒரு மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. அந்த வீட்டில் மாதாமாதம் தவறாமல் வந்தது இவருடைய சம்பளம்தான். அதுவும் தற்காலிகப் பணி, மூன்று வருடமாக. அந்த ஆண்டு நிரந்தரம் செய்வதற்குக் குழு கூடுவதாக இருந்தது. துறைத் தலைவர் நன்றாகச் சொன்னால் போதும், கிடைத்துவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் நான் புரோகிராமை எழுதிக் கொடுப்பேன். அவர் அடித்து ஓட்டி, முடிவைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். அடிக்கிறவர் படிக்கவும் செய்வார் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இனி கொஞ்சம் புரோகிராம் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. புள்ளியியல் கணக்குக்கென்றே வெளிநாட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் மொழி எங்களுக்கு வந்திருந்தது. அதில் ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்புக்கு ஃபங்ஷன் என்று பேர். ஒரு ஃபங்ஷனைத் தூக்கி இன்னொரு ஃபங்ஷன் கையில் கொடுத்து, "இவனைக் கூட்டிக்கொண்டு எல்லா இடத்துக்கும் போய் வேலை வாங்கு" என்று அனுப்பலாம். அப்படிக் கூட்டிப் போக நான் ஒன்று எழுதி வைத்திருந்தேன். பேர் 'சுற்று'. எங்கள் ஆராய்ச்சி அப்போது கோழிப் பண்ணைகளில், அது கோழிக் கொட்டகை கொட்டகையாகச் சுற்றும். கையில் கொடுத்த ஃபங்ஷனை ஒவ்வொரு கொட்டகையிலும் ஓட்டும். எக்ஸ், ஒய் என்று பெயர் வைப்பது அடிமைப் புத்தி என்று மாணவர்களிடம் முழங்குகிறவன் நான். ஆகவே எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர், எழுதுவது மட்டும் ஆங்கில எழுத்தில். அடிமைத்தனத்தை அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

'சுற்று' ஓடும்போது அதற்கு வேண்டிய தகவல்களைப் பெயர் போட்டுக் கொடுக்க வேண்டும். தனக்குத் தெரிந்த பெயரில் வந்ததைத் தானே வைத்துக்கொள்ளும். தெரியாத பெயரில் வந்ததை, உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்கு வந்தது என்று அப்படியே தள்ளிவிடும். நல்ல ஏற்பாடு. எழுதியவனுக்குத் தான் எழுதியது ஞாபகம் இருக்கும்வரை நல்ல ஏற்பாடு.

எருமப்பட்டி சுற்றுவட்டாரத்தில் பண்ணைக்காரர்கள் சிலர் சேர்ந்து என்னிடம் ஒரு சோதனையைக் கொடுத்திருந்தார்கள். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பேர். மக்காச்சோளத்தைக் குறைத்துவிட்டுத் திப்பியைக் கோழித் தீவனத்தில் கலந்தால் முட்டை குறையுமா? இதுதான் கேள்வி. ஆறு கொட்டகைக்குத் திப்பித் தீவனம், ஆறு கொட்டகைக்கு வழக்கமான தீவனம். குறையாது என்று கணக்குப் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரியும் என்று ஒரு கூட்டத்தில் சொல்லியும்விட்டேன்.

சித்திரையில் ஐந்து கொட்டகைகளில் கோழிகளுக்கு அம்மை கண்டது. அதில் நான்கு திப்பிக் கொட்டகை. அம்மை வந்தால் முட்டை குறையும், அதற்குத் தீவனத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. எனவே அந்தக் கொட்டகைகளில் நோய் கண்ட நாளிலிருந்து ஆறு வாரத்தை விட்டுவிட்டு மீதியைக் கணக்கிடும்படி ஒரு ஃபங்ஷன் எழுதினேன். எத்தனை வாரம் விட வேண்டும் என்பதற்கு 'அம்மை' என்று பெயர் வைத்தேன். 'அம்மை = 6' என்று போட்டு, 'சுற்று' கையில் கொடுத்து ஓட்டச் சொல்லி ஆனி மாதத்தில் அந்தப் பெண்ணிடம் தாளைக் கொடுத்தேன். கடைசி வார முட்டைக் கணக்கு வந்து சேர ஆடி பிறந்துவிட்டது.

முடிவு வந்தது. திப்பி தின்ற கோழி முட்டையைக் குறைத்திருந்தது. ஏதோ கொஞ்சம் அல்ல, கண்கூடாகக் குறைத்திருந்தது.

கோழி தப்பு செய்யலாம், நான் செய்ய முடியாது என்ற நம்பிக்கையோடு புரோகிராமின் அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய ஃபங்ஷனில் 'அம்மை' இருந்த இடத்தில் எல்லாம் 'முத்து' என்று இருந்தது.

"இது என்னம்மா முத்து?"

"அம்மைதானுங்க சார்."

"அம்மைன்னுதானே நான் எழுதினேன்?"

"ஆமாங்க சார். ஆடி மாசம் பாருங்க. ஆத்தா பண்டிகைக்குக் கோயில்ல கம்பம் நட்டாச்சு. வீட்டுல விரதம் இருக்கோம். இந்த மாசத்துல நாங்க அந்தப் பேரை வாயால சொல்ல மாட்டோம், முத்துன்னுதான் சொல்லுவோம். விரலால அடிக்கவும் மனசு வரலைங்க. புதுசா எழுதினதுல எல்லா எடத்துலயும் ஒண்ணுபோல மாத்திட்டேன். உங்க 'சுற்று'ல மட்டும் கை வைக்கல சார். அது பழசுங்க."

"கோழிக்கு வர்ற அம்மைக்கும் மாரியம்மனுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"கோழிக்குன்னு வேற ஆத்தாளா சார் இருக்கு?"

அறையில் முதுகலை மாணவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். சிரித்துவிட்டார்கள். அவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்களா என்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அங்கேயே நின்று, செருப்பில்லாத காலோடு, நுண்கிருமிகளைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். விஞ்ஞானம், பகுத்தறிவு, நாடு உருப்படாததற்குக் காரணம் எல்லாம் அதில் வந்தன. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு விசைப்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்பவே பழைய பேரைப் போட்டு ஓட்டு" என்றேன். ஓட்டினார்.

இந்த முறை திப்பி அமோகமாக ஜெயித்தது.

"பார்த்தியா?" என்றேன்.

"பாத்தேனுங்க சார்" என்றார்.

இங்கே நான் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு புரோகிராமில் ஒரு பெயரை எடுத்துவிட்டு, எல்லா இடத்திலும் ஒன்றுபோல இன்னொரு பெயரைப் போட்டால் விடை மாறக் கூடாது. மாறினால் பழைய பெயரில் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். இதை இரண்டாம் ஆண்டு மாணவன் சொல்வான். சொல்லாவிட்டால் நானே அவனை வகுப்பில் நிற்க வைத்திருக்கிறேன். ஆனால் வந்த விடை எனக்குப் பிடித்த விடை. அவர் எங்கோ ஓரிடத்தில் பெயரை மாற்ற மறந்திருப்பார் என்று முடிவு கட்டினேன். தேடிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மாலையே குறிப்பு எழுதி முதல்வர் அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பண்ணைக்காரர்களைக் கூட்டினார்கள். எனக்கு மாலை போட்டார்கள். திப்பியின் பெருமையைப் பேசி முடித்தேன். சோதனையில் சேர்ந்திருந்த ஒரு பண்ணைக்காரர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். தோளில் துண்டு, வாயில் வெற்றிலை இருந்ததால் முதலில் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். கூட்டமே காத்திருந்தது.

"ஏனுங் சார், என்ற கொட்டாயில திப்பி தின்ன கோழி முட்டை வெக்கறதையே மறந்துபோச்சுங்களே?"

"அம்மை வந்த கொட்டகை உங்களது. அதனால குறைஞ்சிருக்கும். அந்த ஆறு வாரத்தைக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கு."

"அம்மா வந்துட்டு அப்பவே போயிட்டாங் சார். போனதுக்கு அப்பறமும் வெக்கலீங்களே. என்ற கொட்டாயி உங்க கணக்குல இருக்குதுங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங் சாமி."

"கோழி பொஸ்தகம் படிச்சிருக்காதுங் சார்" என்று வேறொரு குரல். மண்டபம் அதிர்ந்தது. மாலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை அச்சுப் பிரதியை மறுபடி விரித்தேன். கடைசி வரியில் எத்தனை கொட்டகை கணக்கில் சேர்ந்தன என்று இருக்கும். நான் அதைப் படிப்பதே இல்லை. திப்பிக் கொட்டகை இரண்டு என்று இருந்தது. ஆறு இருக்க வேண்டும்.

மூன்று நாள் தேடினேன். முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். மின்சார வாரியத்தைச் சந்தேகித்தால் அந்தக் காலத்தில் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். அடுத்து முட்டை எண்ணியவர்கள் மேல், அதற்கடுத்து அந்த வெளிநாட்டு மொழியை எழுதியவர்கள் மேல். கடைசியில் வேறு ஆள் கிடைக்காமல், என் புரோகிராமையே ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, "உன் கையில் இப்போது என்ன இருக்கிறது?" என்று அச்சடிக்க வைத்தேன். 'சுற்று', அம்மை ஆறு என்றது. உள்ளே இருந்த ஃபங்ஷன், அம்மை பூஜ்யம் என்றது.

அப்போதுதான் முந்தைய வருடம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு சின்னச் சோதனைக்காக 'சுற்று'க்குள் நானே ஒரு வசதி வைத்திருந்தேன். பூஜ்யத்தைத் தவிர எந்த எண் கொடுத்தாலும் நோய் கண்ட கொட்டகைகளை மொத்தமாக ஒதுக்கிவிடு என்று. அதற்கும் 'அம்மை' என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

எடப்பாடி பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு பார்சல் கொடுத்து அனுப்புகிறோம் என்று வையுங்கள். மேலே வாங்க வேண்டியவர் பெயர் எழுதியிருக்கிறது. கண்டக்டருக்கும் அதே பெயர். அவர் தனக்குத்தான் வந்தது என்று பிரித்து வைத்துக்கொள்கிறார். பஸ் நிலையத்தில் காத்திருப்பவர் வெறுங்கையோடு போகிறார். இதில் கண்டக்டர் மேல் தப்பில்லை. ஆறு என்ற எண்ணை 'சுற்று' வாங்கிக்கொண்டு நான்கு திப்பிக் கொட்டகைகளைத் தூக்கி வெளியே போட்டது. திப்பியில் நோயே வராத இரண்டு கொட்டகைதான் மிஞ்சின, இரண்டும் முன்பிருந்தே நன்றாக முட்டை வைத்த கொட்டகைகள். முத்து என்று பெயர் மாற்றியபோது, தனக்குத் தெரியாத பெயர் என்று 'சுற்று' அதை உள்ளே தள்ளிவிட்டது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆடி மாதத்து முடிவுதான் சரியான முடிவு.

மூடநம்பிக்கை தற்செயலாக என்னைக் காப்பாற்றப் பார்த்தது என்று அரை மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். கெட்ட நேரம், கணக்குப் போட வெற்றுத்தாள் தேடினேன். பிரிண்டரில் வீணான தாள்களை அந்தப் பெண் மடித்து, பின்பக்கம் எழுதுவதற்காக ஓர் அட்டைப் பெட்டியில் வைத்திருப்பார். அதிலிருந்து உருவிய தாளில் என் ஃபங்ஷன் இரண்டு தடவை ஓடியிருந்தது. ஒன்று 'அம்மை' என்ற பெயரில், மற்றது 'முத்து' என்ற பெயரில். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கொட்டகைக்குக் கையால் போட்ட கணக்கு, வாரம் வாரமாக. முதல் விடைக்குப் பக்கத்தில் "போய்ச் சேரவில்லை" என்றும், இரண்டாவதற்குப் பக்கத்தில் "சேர்ந்தது" என்றும் எழுதி, சேர்ந்ததன் அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார்.

தாளின் தலையில் கம்ப்யூட்டரே தேதியை அடித்துவிடும். ஜூன் மாதம். ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்த ஆனி மாதம்.

அன்று வியாழக்கிழமை. குழு திங்கட்கிழமை கூடுகிறது. குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதினேன். என் புரோகிராமில் என் தவறு என்றும், அதைக் கண்டுபிடித்தவர் இவர் என்றும் எழுதினேன். நல்ல கடிதம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் எதிரே இன்னொரு துறையின் மதிப்பெண் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தார். முதல்வர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வழக்கமான நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குங்க சார்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் ஒரு மணி நேரம் வியர்வை ஆற்றினார். கடிதம் பையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமையும் இருந்தது. சனிக்கிழமை அந்தச் சட்டை சலவைக்குப் போயிற்று. கடிதத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் போட்டேன், மறந்து போட்டதாகச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். துறைத் தலைவர் எழுதிய புரோகிராமின் ஓட்டையை டைப் அடிக்கும் பெண் கண்டுபிடித்தார் என்று கல்லூரி முழுக்கப் பேசுவார்கள், அந்த இரண்டு மாணவர்களும் சிரிப்பார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை குழு என் மூன்று வரியைப் படித்துவிட்டு வேறொருவரை எடுத்துக்கொண்டது. அந்தப் பெண் மாதக் கடைசி வரை வந்தார். புது ஆளுக்கு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பண்ணைக்காரர்களுக்கு மட்டும் உண்மையை எழுதினேன். உண்மை என்றால் என் பாணியில்: "மேம்படுத்தப்பட்ட கணக்கின்படி திப்பி ஏற்றதல்ல." பின்வரிசைப் பண்ணைக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே ஒரு லாரி திப்பி இறக்கி வைத்திருந்தாராம். எருமைக்குப் போட்டதாகப் பதில் எழுதினார். எருமை என்னை மிகவும் விசாரித்ததாகவும் எழுதியிருந்தார். புரோகிராமில் உள்ளே இருந்த 'அம்மை'யை எடுத்துவிட்டு 'நோய்' என்று போட்டேன். 'முத்து' என்று போட என் கை வரவில்லை.

அடுத்த வருடம் சேலம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். எடப்பாடிப் பக்கம் ஒரு மில் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருப்பதாகவும், தினமும் போய் வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆவதாகவும் சொன்னார். சம்பளம் குறைவு என்று அவர் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன்.

"ஆனி மாசத்துப் பேப்பரைப் பார்த்தேம்மா" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "எப்பங்க சார் பாத்தீங்க?"

"குழு கூடறதுக்கு முன்னாடி. வியாழக்கிழமை."

அவர் பஸ் வரும் பக்கம் பார்த்தார். "அப்ப நாலு நாள் இருந்துச்சுங்களே சார்."

"இருந்துச்சு."

பிறகு நான், கேட்கக் கூச்சமே இல்லாமல், "நீ ஆனியிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா கேக்கற ஆளுங்களா சார் நீங்க? புரோகிராம்ல தப்புன்னு நான் எப்படிங்க உங்ககிட்டச் சொல்றது? ஆத்தா பேரைச் சொன்னா யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க, உங்களுக்கும் கௌரவம் போகாதுன்னு ஆடி பொறக்கட்டும்னு காத்திருந்தேன். நீங்க ஆத்தாளையே நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுட்டீங்க."

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

"இப்ப அதுக்கு என்னங்க சார் பேரு?"

"நோய்னு வெச்சிருக்கேன்."

"நோயா?" முகத்தைச் சுளித்தார். "முத்துன்னே விட்டிருக்கலாமுங்க. அது நல்லாத்தான வேலை செஞ்சுச்சு."

எடப்பாடி பஸ் வந்தது. கூட்டத்தோடு முண்டிக்கொண்டு ஓடினார். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலோரத்தில் இடம் பிடிக்க அவர் கைப்பையை உள்ளே எறிந்துகொண்டிருந்தார், நான் சொல்லவில்லை. அந்தப் பஸ் தினமும் அதே நேரத்துக்கு அதே இடத்தில்தான் வரும். மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்கு மறுநாளும் போயிருக்கலாம்.

மறுநாள் நான் போனது கம்ப்யூட்டர் அறைக்கு. 'நோய்' இருந்த இடத்தில் எல்லாம் 'முத்து' என்று நானே ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். ஓட்டிப் பார்த்தேன். விடை மாறவில்லை. மாறக் கூடாதுதான்.